விஸ்வநத்தம் சாலை உணவகமும் அதன் எதிரொலியும்

தீபாவளி முடிந்து மூன்றாவது வாரம், ஒரு சனிக்கிழமை. சிவகாசிக்குப் போனது பட்டாசு வாங்க அல்ல. நான் நூலகராக இருக்கும் திருச்சிக் கல்லூரியின் ஆண்டு மலர் அங்கே ஓர் அச்சகத்தில் அச்சாகிறது. அட்டையின் நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று யாராவது நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வழக்கமாக இந்த வேலையைத் தட்டிக்கழிப்பேன். இந்த முறை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அச்சக மேலாளர் வாட்ஸப்பில் அனுப்பிய நான்கு புகைப்படங்கள்தான் காரணம். "புதுசா ஒரு ஓட்டல் வந்திருக்கு மேடம், உள்ள போனா நம்ம ஊர் மாதிரியே இல்ல" என்று எழுதியிருந்தார்.

புதிதாக இங்கே வருகிறவர்களுக்கு ஒரு விஷயம். எனக்கு இரண்டு காதிலும் கருவி உண்டு. முப்பத்தெட்டு வயதில் வந்த ஒரு காய்ச்சல் கேட்கும் திறனில் பாதிக்கு மேல் கொண்டுபோய்விட்டது. ருசியைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எதிரில் இருப்பவர் பேசுவது காதில் விழுமா என்பதைப் பார்த்து எழுதுவதுதான் இந்த வலைப்பூவின் வேலை.

திருச்சியில் அதிகாலை 5.10க்கு ரயில் ஏறினேன். விருதுநகரில் இறங்கியபோது 8.35. ஸ்டேஷன் பக்கத்திலேயே இட்லி, வடை, காபி, 65 ரூபாய். விருதுநகரிலிருந்து சிவகாசி 27 கிலோமீட்டர், பேருந்தில் 28 ரூபாய், திருத்தங்கல் வழியாக ஐம்பத்தைந்து நிமிடம். காலையில் போனால் வலது பக்க ஜன்னலில் உட்காருங்கள், வெயில் முகத்தில் அடிக்காது. அச்சகத்தில் வேலை 11.45க்கெல்லாம் முடிந்துவிட்டது. (அட்டையின் நீலம் கொஞ்சம் ஊதாவாக இருந்தது. திருத்தித் தந்தார்கள்.)

பேருந்து நிலையத்திலிருந்து உணவகம் ஆறு கிலோமீட்டர். வெம்பக்கோட்டைக்குப் போகும் சாலையில் விஸ்வநத்தம் தாண்டி இருக்கிறது. ஆட்டோவுக்கு 150 கேட்டார், 130க்கு வந்தார். இடத்தைச் சொன்னதும் திரும்பிப் பார்த்தார்.

"அங்கனயா? போட்டோ எடுக்குறவகளும் கல்யாணம் பேசுறவகளும்தான் அங்கன போவாக. நீங்க ஒத்தையாப் போறீக?"

"சாப்பாடு எப்படி இருக்கும்?"

"சாப்பாடு நல்லாத்தான் இருக்கும். ஆனா எம்புட்டு நேரம் ஒக்காந்திருப்பீகன்னு சொல்ல முடியாது."

அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

கட்டடம் முன்பு காகித உருளைகள் அடுக்கி வைக்கும் கிட்டங்கியாக இருந்தது. வெளியே பார்த்தால் இப்போதும் கிட்டங்கிதான், சாம்பல் நிறச் சுவர், ஒரு சின்னப் பித்தளைக் கதவு. உள்ளே கால் வைத்ததும் என்னையறியாமல் நின்றுவிட்டேன். இருபது அடிக்கு மேல் உயரம். கூரைத் தகட்டுக்கு அடிப்பக்கம் கறுப்பு அடித்திருந்தார்கள், அதனால் மேலே கூரை இருப்பதே தெரியவில்லை. தரை மெருகேற்றிய சிமெண்ட், குறுக்கும் நெடுக்குமாகப் பித்தளைப் பட்டிகள். மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதற்கு அப்பால் கருவேலங்காடும் செம்மண்ணும். மேசைகளுக்குச் சாம்பல் கல். நாற்காலிகள் மெல்லிய இரும்புக் கம்பியில், குஷன் கிடையாது.

ஆனால் எல்லார் கண்ணும் போகிற இடம் கிழக்குச் சுவர். சரவெடிக்குச் சுற்றுகிற காகிதக் குழாய்களை, வாய்ப்பக்கம் நம்மைப் பார்க்கும்படி, தரையிலிருந்து பன்னிரண்டடி உயரத்துக்கு அடுக்கியிருக்கிறார்கள். சிவப்பு, பச்சை, மங்கிய மஞ்சள். தூரத்தில் நின்று பார்த்தால் பெரிய சமுக்காளம் விரித்தாற்போல இருக்கிறது. கிட்டே போனால் தேன்கூடு. தூசி படியாமல் இருக்க மொத்தத்துக்கும் கண்ணாடி போட்டு மூடியிருந்தார்கள்.

"மருந்து ஏத்தாத குழாய்தான், பயப்படாதீக" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கட்டடக்கலை படித்துவிட்டுச் சென்னையில் நான்கு வருடம் வேலை பார்த்துத் திரும்பியவர் பிரபா. அப்பாவின் கிட்டங்கியை வாங்கி உணவகமாக மாற்றியவர் அவர்தான். வடிவமைப்பு, நிர்வாகம் இரண்டும் அவர் பொறுப்பு. முப்பது வயதிருக்கும்.

எந்த உணவகத்துக்குள் நுழைந்தாலும் நான் ஒருமுறை கைதட்டிப் பார்ப்பேன். இங்கேயும் தட்டினேன். சத்தம் கூரைக்குப் போய், கண்ணாடியில் மோதி, எதிர்ச்சுவருக்குப் போய், ஒரு விநாடிக்கு மேல் சுற்றிக்கொண்டே இருந்தது.

பிரபாவின் முகம் மாறியது. "வர்றவக எல்லாம் போட்டோ எடுக்காக. நீங்க ஒருத்தர்தான் கை தட்டிப் பாக்கீக."

காரணத்தைச் சொன்னேன். கல், கண்ணாடி, தகடு, சிமெண்ட், எதுவுமே சத்தத்தை உறிஞ்சாது, கூட்டம் வந்தால் எல்லார் பேச்சும் ஒன்றாகக் கலந்துவிடும் என்றேன். அண்ணாந்து கூரையைப் பார்த்தார். பிறகு, "ஜனங்க சாப்பிட்டதும் கிளம்பிடுறாக. ஏசி பத்தலையோன்னு ரெண்டு தடவை ஆளை வரச்சொல்லிப் பாத்தேன்" என்றார். ஆட்டோக்காரர் சொன்னது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

12.20க்குப் பத்துப் பேர்கூட இல்லை. ஒரு மணிக்குள் எழுபது, எண்பது பேர். சீசன் முடிந்து கம்பெனிகள் இன்னும் முழுதாகத் திறக்காத நாட்கள் என்பதால் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். தட்டுகளின் சத்தம், குழந்தைகளின் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம். என் கருவிகளில் ஒரே இரைச்சல். ஒலியளவைக் குறைத்துவிட்டு மட்டன் சுக்காவில் கவனம் வைத்தேன். (220 ரூபாய், தேங்காய் எண்ணெயில் வதக்கியது, நன்றாக இருந்தது.)

பக்கத்து மேசையில் ஒரு சம்பந்தப் பேச்சு. பெண்ணையும் பையனையும் ஜன்னலோரம் இரண்டு பேர் மேசையில் உட்கார வைத்துவிட்டுப் பெரியவர்கள் இங்கே இருந்தார்கள். பெண்ணின் அப்பா, அம்மா. எதிரில் பையனின் அம்மா, தனியாக. பின்னால் தெரிந்துகொண்ட பெயர்களை மாற்றியே எழுதுகிறேன். பெண்ணின் அப்பா வேல்ச்சாமி, எம்.புதுப்பட்டி என்ற ஊரில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். பையனின் அம்மா சரஸ்வதி, விருதுநகர்.

உதட்டைப் பார்த்து வார்த்தையைப் பிடிப்பது என் பழக்கம். அடுத்தவர் மேசையில் அதைச் செய்வது தப்பு என்று தெரியும். ஆனால் சரஸ்வதி எனக்கு நேரே முகம் காட்டி உட்கார்ந்திருந்தார், நிறுத்தி நிதானமாகப் பேசுகிறவர். கண் தானாகப் போய்விட்டது.

வேல்ச்சாமியைப் பார்த்த ஐந்தாவது நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. எதிரில் இருப்பவர் சிரித்தால் சிரித்தார். அவர் நிறுத்தினால் தலையாட்டினார். தன் முறை வந்தால் அவரே நீளமாகப் பேசினார், பதில் சொல்ல வேண்டியிராதபடிக்கு. இதெல்லாம் காது கேட்காதவர்கள் செய்கிற வேலை. நானும் செய்திருக்கிறேன். அவர் மனைவி பக்கத்தில் இருந்து அவ்வப்போது தொடையில் தட்டி நிலைமையைச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா கை கழுவ எழுந்து போனார். அப்போதுதான் சரஸ்வதி தண்ணீர் குடித்துவிட்டு, முன்னால் சாய்ந்து, சொன்னார். உதட்டில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. "ஒரு விசயம் மறைக்காமச் சொல்லிடுறேன். மூணு வருசத்துக்கு முந்தி எம்மகனுக்கு இருதயத்துல ஆப்பரேசன் நடந்துச்சு."

வேல்ச்சாமி முகமெல்லாம் சிரிப்பாக, பக்கத்து மேசைக்கும் கேட்கிற குரலில், "ரொம்ப சந்தோசம்! ரொம்ப சந்தோசம்!" என்றார்.

சரஸ்வதி நிமிர்ந்து பின்னால் சாய்ந்தார். பிறகு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, கைப்பையை எடுத்தார். ஜன்னல் பக்கம் பார்த்து மகனைக் கூப்பிட்டார். "கதிரேசா, வா, போவோம்." வேல்ச்சாமி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். என்ன ஆயிற்று என்றே அவருக்குத் தெரியவில்லை.

எனக்கு இதில் வேலையில்லை. ஆனால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து போய் சரஸ்வதியின் பக்கத்தில் நின்று, காதிலிருந்த கருவியைத் தொட்டுக் காட்டினேன்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. நீங்க சொன்னது அவருக்குக் கேட்கல. எனக்கும் காது இப்படித்தான். இந்த இடத்துல கேட்கவே கேட்காது."

நான் சொன்ன இடம் வேல்ச்சாமிக்கு மிகப் பக்கம். இது மட்டும் அவருக்குக் கேட்டுவிட்டது. சிரிப்பு போய்விட்டது. "ஒங்ககிட்ட யாரும்மா கேட்டா?" என்றார். கை கழுவிவிட்டு வந்த அவர் மனைவி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது, இவர்கள் இதை மறைத்துத்தான் பேச வந்திருக்கிறார்கள். நான் உடைத்துவிட்டேன்.

என் காது சூடாகிவிட்டது. மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் சரஸ்வதி, எழுந்த மகனை அங்கேயே இருக்கும்படி சைகை காட்டிவிட்டு, கைப்பையைத் திரும்ப நாற்காலியில் வைத்தார்.

"காது கேக்காதா? அதை மொதல்லயே சொல்ல வேண்டியதுதான?"

அதற்குள் பிரபா வந்துவிட்டார். இரண்டு வார்த்தையில் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "பெரியவக எல்லாரும் பின்னாடி வாங்க" என்று அழைத்துப்போனார்.

சமையலறையைத் தாண்டி ஒரு சாமான் அறை. மூன்று பக்கமும் தோள் உயரத்துக்கு அட்டைக் கட்டுகள். பிரபாவின் குடும்பம் நடத்தும் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிக்கு வெட்டுகிற அட்டை. அலமாரியில் துணி விரிப்புகள். நடுவில் வேலை செய்கிறவர்கள் சாப்பிடும் மரமேசை, ஒரு குழல்விளக்கு. அழகு என்று சொல்ல எதுவுமில்லை. ஆனால் கதவைச் சாத்தியதும் இரைச்சல் முழுக்க வெளியே நின்றுவிட்டது. நான் கருவியின் ஒலியளவைப் பழைய நிலைக்கு ஏற்றினேன். பிரபா மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

நான் கதவோரமாகவே நின்றேன். வேல்ச்சாமியின் மனைவி என் கையைப் பிடித்து மேசைப் பக்கம் இழுத்தார். "நீங்களும் வாங்கக்கா. இவுககிட்ட எப்படிப் பேசணும்னு ஒங்களுக்குத் தெரியும்லா." சரஸ்வதியை விளக்கு முகத்தில் விழும்படி எதிரே உட்கார வைத்தேன். ஒருவர் பேசும்போது மற்றவர் பேச வேண்டாம் என்றேன். அதற்கு மேல் எனக்கு அங்கே வேலையிருக்கவில்லை.

சரஸ்வதி மறுபடி அதே வார்த்தைகளைச் சொன்னார். வேல்ச்சாமி கேட்டார். இந்த முறை உண்மையாகவே கேட்டார். முகம் மெல்ல மெல்ல இறங்கியது.

"இதுக்கா நான் சந்தோசம்னு சொன்னேன்?"

"ஆமா" என்றார் சரஸ்வதி. "இதுக்கு முந்தி மூணு வீட்டுல சொன்னோம். மூணு வீட்டுலயும் மொகத்தைத் திருப்பிக்கிட்டாக. சிரிச்சது நீங்க ஒருத்தர்தான். கேலி பண்ணுறீகன்னு நெனச்சேன்."

வேல்ச்சாமி இரண்டு கையையும் மேசைமேல் வைத்தார். "லோடு கிளம்புறதுக்கு முந்தி சரத்துல ஒண்ணு ஒண்ணு வெடிச்சுப் பாக்கணும். அந்த வேலைதான் எனக்கு, இருபத்தாறு வருசமா. காது போனது கம்பெனிக்குத் தெரிஞ்சா வீட்டுல ஒக்கார வச்சிருவாக. ஒங்களுக்குத் தெரிஞ்சா பொண்ணுக்கும் இருக்குமோன்னு சந்தேகப்படுவீக. அதான் சொல்லல. நீங்க ஒங்க விசயத்தைச் சொல்லிட்டீக. நான் சொல்லல."

பிறகு, "தம்பியைக் கூப்பிடுங்க" என்றார். கதிரேசனும் பெண் செல்வியும் வந்தார்கள். அவனைத் தனக்கு எதிரில் உட்காரச் சொல்லி, டாக்டர் என்ன சொல்லியிருக்கிறார், என்ன மாத்திரை, எந்த வேலை செய்யக் கூடாது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். கடைசியில் வேல்ச்சாமி, "நான் தெரியாமச் சொன்ன சந்தோசத்தைக் கணக்குல வைக்காதீக. தெரிஞ்சு சொல்ல எனக்கு ஒரு வாரம் வேணும்" என்றார். சரஸ்வதி சரியென்றார். செல்வி மட்டும், "ஏம்ப்பா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?" என்றாள். "ஒன்னைக் கேக்கத்தான் ஒரு வாரம்" என்றார் அவர்.

நான்கு மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. கிளம்பும்போது வேல்ச்சாமி என்னிடம் எதுவும் பேசவில்லை. வருத்தம் இருந்திருக்கும், இருக்கத்தானே செய்யும். பிரபா வாசல்வரை வந்தார். "எதைச் செஞ்சா சரியாகும்?" என்று கேட்டார். குழாய்ச் சுவரின் கண்ணாடியை எடுத்துவிடுங்கள், திறந்த குழாய்கள் சத்தத்தை வாங்கிக்கொள்ளும், தூசி தட்டிக்கொள்ளலாம், நாற்காலிக்குத் துணி மெத்தை போடுங்கள், கூரைக்கு அடியில் கயிற்றுப் பாய் கட்டுங்கள் என்றேன். முழுக்கச் சரியாகாது, பாதியாவது குறையும். கைபேசியில் குறித்துக்கொண்டார். வேலை முடியும்வரை உணவகத்தின் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால்தான் போடவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: பகல் 12 முதல் 12.45க்குள் போய்விடுங்கள். இடத்தின் அழகை நிம்மதியாகப் பார்க்கலாம், பேசவும் செய்யலாம். மேற்குக் கண்ணாடியை ஒட்டிய மேசைகள் படத்துக்கு நல்லவை, பேச்சுக்கு மோசம். முக்கியமான விஷயம் பேசப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே பின்னறையைக் கேளுங்கள். இப்போது அங்கே நல்ல விளக்கு போட்டு, ஆறு பேருக்கு இடம் செய்திருக்கிறார்கள். அட்டைக் கட்டுகளை எடுக்கவில்லை. ஒருவருக்கு 350 முதல் 450 ரூபாய் ஆகும். திரும்ப ஆட்டோ கிடைப்பது கடினம், வந்த ஆட்டோவையே நேரம் சொல்லி வரவழையுங்கள்.

இதை எழுதலாமா என்று பிரபா மூலம் இரு வீட்டாரிடமும் கேட்டிருந்தேன். நேற்று பிரபா பேசினார், இரு வீட்டாரும் எழுதலாம் என்று சொல்லிவிட்டார்களாம். அந்த ஒரு வாரத்தில் வேல்ச்சாமி, செல்வி, கதிரேசன் மூவரும் மதுரைக்குப் போய் டாக்டரைப் பார்த்திருக்கிறார்கள். செல்வி சம்மதம் சொல்லிவிட்டாள், தை மாதம் கல்யாணம். அந்த டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் வேல்ச்சாமி உட்காரும் முன்பே, "எனக்குக் காது மந்தம், மொகத்தைப் பாத்து மெதுவாச் சொல்லுங்க, இது எம்பொண்ணோட விசயம்" என்றாராம்.