நாய் உண்டா என்று டாக்டர் கேட்டார்

அறுபதுகளின் தொடக்கத்தில் மன்னவனூரில் ஒரு கேரட் தோட்டத்துக்கு நான் மேலாளராக இருந்தேன். விவசாயம் படித்தவன் என்ற மிதப்பு உண்டு. காட்டுப்பன்றிக்குக் காவலாக நாய்கள் வைத்திருந்தோம். கொட்டடியில் எப்போதும் குட்டிகள் இருக்கும். அங்கே கூட்டி அள்ளும் கழிவை வீணாக்காமல் பாத்திகளுக்கு எருவாகப் போடச் சொன்னது நான்தான்.

"நாய்க் கழிவையா போடுறதுங்க?" என்று மேஸ்திரி முகம் சுளித்தார்.

"நீங்க எத்தனாவது படிச்சிருக்கீங்க மேஸ்திரி?" என்றேன். அதோடு பேச்சு முடிந்தது.

பாத்தி தோண்டும் பதத்துக்கு வந்துவிட்டதா என்று பார்ப்பது அவர் வேலை. ஒரு கேரட்டைப் பிடுங்குவார், வேட்டியில் துடைத்துக் கடிப்பார். இனித்தால் தோண்டச் சொல்வார்.

ஒரு நாள், "அய்யா, எடது கண்ணுல பொகமூட்டமாக் கெடக்குங்க" என்றார்.

"பனி ஒங்களுக்கு மட்டும் ஒத்தக் கண்ணுலதான் எறங்குதோ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். இரண்டு மாதம் கழித்து, வரப்பில் இடறி விழுந்த பிறகுதான் அவரைக் கொடைக்கானலுக்கு அழைத்துப் போனேன்.

கண்ணின் பின்புறம் வெள்ளையாக ஏதோ இருப்பதாக டாக்டர் என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். நாய்க்குட்டிகளின் குடலில் உள்ள உருண்டைப்புழுவின் முட்டை, மண்ணோடு மனிதன் வயிற்றுக்குள் போனால், இளம்புழு சில சமயம் கண்வரை வந்துவிடுமாம். அதுவானால் மருந்து கொடுத்துப் பார்க்கலாம். இல்லையென்றால் புற்றாக இருக்கலாம், கண்ணை எடுத்துவிட வேண்டும் என்றார். பிறகு மேஸ்திரியிடம் தமிழில், "வீட்ல நாய் வளக்குறீங்களா?" என்று கேட்டார்.

"எங்க வீட்ல ஏதுங்க நாயி?"

அவர் உண்மையைத்தான் சொன்னார். நான் வாய் திறக்கவில்லை. எரு விஷயம் முதலாளி காதுக்குப் போனால் வேலை போகும், என் படிப்பு சந்தி சிரிக்கும். டாக்டர் எழுதத் தொடங்கிவிட்டார்.

கண்ணை எடுத்தார்கள். சோதனைக்கு அனுப்பியதில் புற்று இல்லை, புழு என்று வந்தது. கடிதம் என் கைக்குத்தான் வந்தது. "புற்று இல்லையாம்" என்று மட்டும் அவரிடம் சொன்னேன். எருப் போடுவதைச் சத்தமில்லாமல் நிறுத்தினேன்.

"அய்யா மட்டும் வெரசாக் கூட்டிட்டுப் போகலேன்னா இன்னொரு கண்ணும் போயிருக்கும்" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வார். நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

அவர் இறந்து பல வருடங்கள் ஆகின்றன. என்னைத் திட்டியிருந்தால்கூட எப்போதோ மறந்திருப்பேன். அந்த நன்றியைத்தான், இந்த வயதிலும், எங்கே இறக்கிவைப்பது என்று தெரியவில்லை.