எல்லாப் பாட்டுக்கும் ஒரு பிக்கப்

ரேடியோவின் முதுகில் இரண்டு ஒயரைச் செருகிவிட்டு, ஒயர்களின் மறுமுனையில் இருக்கும் ஒரு சின்னப் பெட்டியைத் தையல் ஊசியால் தட்டுகிறார் பஞ்சாபகேசன். 'டக்' என்கிறது ரேடியோ. மறுபடி தட்டுகிறார். மறுபடி 'டக்'. "முதல்ல வந்த சத்தம் மாதிரி இல்லையே, பார்த்தேளா?" என்று என்னைக் கேட்கிறார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கின்றன. அதைச் சொன்னால் பெட்டியை விற்ற கடைக்காரனோடு நானும் கூட்டு என்று நினைத்துக்கொள்வார். தலையைப் பொதுவாக ஆட்டி வைக்கிறேன்.

அந்தப் பெட்டிக்குப் பெயர் பிக்கப். எலெக்ட்ரிக் கிடாரின் தந்திகளுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும். உள்ளே காந்தம், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று செம்புக் கம்பி. தந்தி அதிர்வதை மின்சாரமாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புவது இதுதான். இது கெட்டால் கிடார் வெறும் பலகை.

பஞ்சாபகேசன் பம்பாய் மாதுங்காவில் எனக்கு அடுத்த வீட்டுக்காரர். பூர்வீகம் பாலக்காடு. ஃபோர்ட்டில் ஒரு கப்பல் கம்பெனி ஆபீசில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜகந்நாதன் நடத்தும் மெல்லிசைக் குழுவில் கிடார் வாசிக்கிறார்.

மற்ற நேரமெல்லாம் சந்தேகப்படுகிறார். கிங்ஸ் சர்க்கிள் ஓட்டலில் காப்பி சொன்னால், டிகாக்ஷன் விழுவதைப் பார்க்கச் சமையல்கட்டுக்குள் எட்டிப் பார்ப்பார். இந்த ரயில் தாதரில் நிற்குமா என்று மூன்று பேரைக் கேட்பார். மூன்று பேரும் ஒரே பதிலைச் சொல்லிவிட்டால் அதுவே அவருக்கு உறுத்தும். அவர் மனைவி அகிலாண்டம் சொல்கிறார்: "பால்ல தண்ணின்னு சண்டை போட்டார். பால்காரன் எருமையையே ஓட்டிண்டு வந்து வாசல்ல கறந்தான். இவர் எருமையைச் சந்தேகப்பட்டார்." இதை எழுதப் போகிறேன் என்றதும் பஞ்சாபகேசன் என்னிடம், "பேரை மாத்திடுங்கோ. மாத்தினேளான்னு பார்ப்பேனாக்கும்" என்றார். மாற்றியிருக்கிறேன்.

போன மாதம் ஒத்திகையில் ஜகந்நாதன் சற்றுக் கடுமையாகவே பேசிவிட்டார். "பஞ்சு, உன் கிடார் தேன்கூடு மாதிரி இரையறது. திலக் நகர் கணபதி விழாவுக்கு நமக்கு ஒரே கிடார்தான். ட்விஸ்ட் டான்ஸ் பாட்டும் உண்டு, மெலடியும் உண்டு, பஜனையும் உண்டு. எல்லாத்துக்கும் ஈடு கொடுக்கணும். அடுத்த ஞாயிறு ஒத்திகைக்கு அது சரியா இல்லேன்னா பாந்த்ராலேர்ந்து வேற ஆளைக் கூப்பிட்டுடுவேன்."

பதினொரு வருஷமாக அவர் உட்காரும் நாற்காலி அது. ஆபீசில் அவருடைய முழுப் பெயரைத் தெரிந்தவர்கள் நாலு பேர் இருந்தால் அதிகம். மேடையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து தந்தியை ஒரு இழுப்பு இழுத்தால் நானூறு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அது போய்விடுமோ என்று மனிதர் நிஜமாகவே பயந்துபோனார்.

சோர் பஜார் பழைய சாமான் கடையில் ஜெர்மன் பிக்கப் ஒன்று கிடைத்தது. மெலடிக்கு இதமாக இருந்தது. ட்விஸ்ட் வாசித்தால் குழைந்து கூழாகிவிட்டது. கப்பல்காரன் ஒருவன் கொண்டுவந்த ஜப்பான் பிக்கப்போ ட்விஸ்டுக்கு ஜோர், பஜனைக்குத் தகர டப்பா. இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து பஞ்சாபகேசன் சொன்னார்: "ஆளுக்குப் பாதி நல்லதா விக்கறான். ரெண்டு பேரும் பேசி வச்சுண்டிருக்கா."

கடைசியில் தாராவியில் தங்கபாண்டியிடம் போனோம். ரேடியோ கடைகளுக்குக் கம்பிச்சுருள் சுற்றிக் கொடுக்கிற திருநெல்வேலிக்காரர். என்னைக் கூட்டிப் போனது சாட்சிக்கு.

தங்கபாண்டி பழைய பிக்கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஃபாரின் சாமானுக்கு ஏன் சாமி அலையுதீங்க? காந்தம் பக்காவா இருக்கு, கம்பிதான் போச்சு. சுத்து கூடுனா சத்தம் தடிச்சிரும், கொறஞ்சா கீச்சுங்கும். நான் நடுவாந்தரமா நிறுத்தித் தாரேன். எல்லாப் பாட்டுக்கும் ஆகும்."

சுற்றை எண்ணுவதற்குக் கம்பி சுற்றும் மெஷினிலேயே மீட்டர் இருந்தது. பஞ்சாபகேசன் அதை நம்பாமல், நூறு சுற்றுக்கு ஒரு கோடாகக் காகிதத்தில் தானும் போட்டுக்கொண்டே வந்தார். தங்கபாண்டி கண்டுகொள்ளவில்லை. சுற்றி முடித்து, மேலே கறுப்பு டேப்பை ஒட்டிக் கையில் கொடுக்கும்போது மட்டும் சொன்னார்: "டேப்பைப் பிரிச்சிராதீங்க. கம்பி தலமுடியவிட மெலிசு, தொட்டா அந்துரும். பிரிச்சிட்டு எங்கிட்ட வந்தா நான் கையால தொட மாட்டேன். இப்பமே சொல்லிட்டேன்."

வீட்டில் கிடாரில் பூட்டி, ரேடியோவில் மாட்டி வாசித்தார். ட்விஸ்ட் துள்ளியது. மெலடி உருகியது. பஜனைக்குக் குரல் அடங்கி நின்றது. நான் அசந்துபோய்விட்டேன். அகிலாண்டம் அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்து நின்று கேட்டார். பஞ்சாபகேசன் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு நன்னா இருக்கப்படாதே" என்றார். "நடுவுல நாம டீ குடிக்கப் போனோமே, அஞ்சு நிமிஷம். அப்போ கம்பியை மாத்தியிருந்தா?"

நான் எவ்வளவோ சொன்னேன். இரண்டு நாள் பொறுத்தார். வெள்ளிக்கிழமை ஆபீசிலிருந்து வந்ததும் பிக்கப்பைக் கழற்றி, என் கண்முன்னாலேயே நகத்தால் டேப்பைக் கிளப்பினார். உள்ளே, தங்கபாண்டி கடையில் காட்டிய அதே கம்பிதான், அதே பளபளப்பு. "பரவாயில்லை, நாணயமானவன்தான்" என்றபடி மூடப் போனார். பிறகு ரேடியோவில் மாட்டி ஊசியால் தட்டிப் பார்த்தார். ரேடியோ வாய் திறக்கவில்லை. இன்னொரு தரம் தட்டினார். முகம் வெளுத்துவிட்டது.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் என்னை மறுபடியும் தாராவிக்கு இழுத்துக்கொண்டு போனார். வேறு டேப் வாங்கிக் கச்சிதமாக ஒட்டியிருந்தார். உண்மையைச் சொல்லிக் கெஞ்சப் போகிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"ஊமையாயிடுத்து, தங்கபாண்டி" என்றார் கடைக்குள் நுழைந்ததும். "உங்க வேலை சரியில்லே. நாளைக்கு ஒத்திகை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரையெல்லாம் திருடன் என்று பார்த்த மனிதர் பச்சையாகப் புளுகுகிறார். தங்கபாண்டி மெஷினை நிறுத்தினார். அதில் பாதி சுற்றிய டிரான்ஸ்பார்மர் ஒன்று இருந்தது. பிக்கப்பை வாங்கி டேப்பை வெளிச்சத்தில் ஒருதரம் பார்த்தார்.

"எங்கிட்டத் தப்புன்னா இந்த வேலய இறக்கி வச்சிட்டு இப்பமே சுத்தித் தாரேன், சாமி. ஆனா இது நான் ஒட்டுன டேப் மாதிரி தெரியல" என்றார். குரல் உயரவில்லை. என் பக்கம் திரும்பினார். "சார், சாட்சிக்குன்னுதான கூட வாரீங்க? நீங்க சொல்லுங்க. இவுக பிரிச்சாகளா?"

பிரித்தார் என்றால் பதினொரு வருஷத்து நாற்காலி நாளைக்குப் போய்விடும். இல்லை என்றால் இந்த மனிதரின் கைவேலைமேல் நானும் சேர்ந்து பழி போடுகிறேன். என்னை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்திய பஞ்சாபகேசன்மேல் அசாத்தியக் கோபம் வந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"அவரைக் கேக்க வேண்டாம்" என்றார் பஞ்சாபகேசன்.

வலது கையை நீட்டி மேஜை விளக்குக்குக் கீழே தங்கபாண்டியின் முன்னால் விரித்து வைத்தார். கட்டைவிரல் நகத்தடியில் டேப்பின் கறுப்புப் பசை அப்பியிருந்தது. அந்தப் பசையில் மயிரிழையாக ஒரு துண்டு செம்புக் கம்பி ஒட்டிக்கொண்டிருந்தது.