இரண்டு முறை இறக்கிய கியர்பாக்ஸ்

வீடு மாற்றுகிறவர்களுக்கு அவள் பீரோ அக்கா. எவ்வளவு குறுகலான மாடிப்படியானாலும் கண்ணாடி பதித்த பீரோவைக் கீறல் விழாமல் இறக்கிவிடுவாள் என்பதால் வந்த பெயர். லாரி அவள் கணவன் ஓட்டியது. அவன் இறந்துபோன பிறகு அதைத் தொடவே மனம் வரவில்லை. தொட்ட பிறகு விட மனம் வரவில்லை. சாமான் தூக்கக் கணவனின் தம்பி கூட வருவான். காலையில் ஒரு குடும்பத்தின் கட்டில், மெத்தை, பூந்தொட்டியெல்லாம் ஏற்றினால், அவர்களைப் புது வீட்டில் உட்காரவைத்துவிட்டுத்தான் டீ குடிப்பாள். அந்தப் பிழைப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. கட்டிலை நகர்த்தியதும் ஒவ்வொரு வீட்டிலும் என்னென்ன வெளிவரும் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

லாரிக்கு வயதாகிவிட்டது. மேட்டில் கிளட்ச் வழுக்கியது. இன்ஜின் கத்தும், வண்டி நகராது. வழக்கமான மெக்கானிக்கிடம் விட்டாள். வேலை முடிந்து பில் வந்ததும் கொழுந்தன் குதித்தான்.

“பாத்தீங்களா அண்ணி? கிளட்ச் பிளேட் மாத்த கியர்பாக்ஸ் இறக்கி ஏத்தின கூலி. அடுத்த வரியிலேயே ஆயில் சீல் மாத்த கியர்பாக்ஸ் இறக்கி ஏத்தின கூலி. இறக்கினது ஒரு தடவை, கூலி ரெண்டு தடவை. பகல் கொள்ளை.”

அவன் சொன்னதில் நியாயம் இருப்பதாகத்தான் அவளுக்கும் பட்டது. கியர்பாக்ஸை இறக்கிவிட்டால், ஆயில் கசியாமல் தடுக்கும் அந்த சீல் கண் முன்னால் இருக்கும். கையோடு மாற்றிவிடலாம். இன்னொரு கூலி எதற்கு? பணத்தைவிட அவளை உறுத்தியது வேறு. இந்த மாடல் லாரிக்கு உதிரிபாகம் தேடிப்பிடித்துப் போடுகிறவர் அவர் ஒருவர்தான். அவரை நம்ப முடியாது என்றால் வண்டியை விற்பதைத் தவிர வழியில்லை.

“வித்துட்டுத் தவணையில புதுசு எடுத்துடலாம். நான் விசாரிச்சும் வச்சுட்டேன்” என்றான் கொழுந்தன்.

“முதல்ல அந்த மனுஷன் என்ன சொல்றார்னு கேப்போம். நீயும் வா. இங்க கத்துறதை அங்க வந்து கத்து.”

பட்டறையில் மெக்கானிக் கைகளைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டு வந்தார். “வாங்கம்மா. மூஞ்சியைப் பாத்தா வண்டி எடுக்க வந்த மாதிரி தெரியலையே.”

“அண்ணே, கியர்பாக்ஸை எத்தனை தடவை இறக்கினீங்க?”

“ரெண்டு தடவை.”

மழுப்பலாக ஏதாவது வரும் என்று எதிர்பார்த்து வந்தவள் கையிலிருந்த பில்லை மடித்தாள்.

“ஏன்?”

“பிளேட் போட்டு ஓட்டிப் பாத்தேன். அடியில ஆயில் சொட்டுச்சு. விட்டா புது பிளேட்டும் போயிடும். திரும்ப இறக்கி சீலை மாத்தினேன்.”

“முதல் தடவையே அந்த சீல் தெரிஞ்சிருக்குமே?”

“தெரிஞ்சுது. கசிவும் தெரிஞ்சுது. மாத்தவான்னு போன் போட்டுக் கேட்டேனே.”

“யாருகிட்ட?”

“நீங்க போன் எடுக்கலைம்மா” என்ற மெக்கானிக் டயர் அடுக்கியிருந்த பக்கம் பார்த்தார். அங்கே கொழுந்தன் ஒரு டயரின் மேலிருந்த எழுத்துகளை ரொம்ப அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தான்.

“என்னப்பா சொன்னே?”

“சொன்ன வேலையை மட்டும் பாருங்க, செலவை இழுத்து விடாதீங்கன்னு... நான் அப்போ வேற வண்டிக்குக் கூலிக்குப் போயிருந்தேன் அண்ணி. தோள்ல ஃபிரிட்ஜ் இருந்துச்சு.”

“இறக்கி வச்சுட்டுப் பேசியிருக்கலாமே, கொழுந்தனாரே.”

இத்துடன் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். ஆனால் அவளுக்கு இன்னும் கணக்கு நேராகவில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அண்ணே, இவன் பேசினது எங்க வீட்டுத் தப்பு. ஒத்துக்கறேன். ஆனா இவனுக்கு சீல்னா என்னன்னே தெரியாது. உங்களுக்குத் தெரியும். கசியுதுன்னு பாத்துட்டு எப்படி மூடினீங்க? இப்ப விட்டா மறுபடி இறக்கணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவனே சரின்னிருப்பான்.”

மெக்கானிக் நகத்திலிருந்த கிரீஸைச் சுரண்டினார்.

“கோவம் வந்துடுச்சும்மா. இத்தனை வருஷம் பாக்கற வண்டி. செலவை இழுக்கறேன்னு சொன்னதும், சரி, பட்டுத் தெரிஞ்சுக்கட்டும்னு மூடிட்டேன்.”

“அப்போ அந்த ரெண்டாவது கூலியில பாதி உங்க கோவத்துக்கு. பாதி இவன் வாய்க்கு.”

அவர் சிரித்துவிட்டார். பில்லை வாங்கி அந்த வரியை அடித்துப் பாதியாக எழுதினார். “இவரு வாய்க்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போடலாம்.”

“போடுங்க. இன்னிக்கு என் தலைதானே கிடைச்சுது” என்றான் கொழுந்தன்.

“இனிமே வண்டி விஷயம்னா எனக்கு மட்டும் போன் பண்ணுங்க அண்ணே. நான் எடுக்கலைன்னா எடுக்கற வரைக்கும் பண்ணுங்க.”

“சரிம்மா” என்று சாவியைக் கொடுத்தார்.

பட்டறையைத் தாண்டியதும் ஒரு மேடு. கொழுந்தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் கியரை மாற்றி ஆக்சிலேட்டரை மெல்ல அழுத்தினாள். கத்தாமல், வழுக்காமல் லாரி ஏறியது, ஏறி முடித்தது. அவள் முகத்தைப் பார்த்தவன் புது வண்டிப் பேச்சை எடுக்கவேயில்லை.

“நாளைக்கு எந்த வீடு அண்ணி?” என்று மட்டும் கேட்டான்.

“ஒரு வாத்தியார் வீடு. நாலாவது மாடி. சாமான் அதிகமில்லையாம், புத்தகம்தான் கொஞ்சம் இருக்காம்.”

அவன் இப்போதே முதுகைத் தடவிக்கொண்டான்.