பச்சை மையில் ஏழு கையெழுத்து

எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் ஓய்வுபெற்ற ஏட்டையா இன்று காலை மனைவியோடு என் வீட்டுக்கு வந்தார். பட்டப்பகலில் அவர் வீட்டுப் பூட்டை உடைத்து நகையைக் கொண்டுபோய்விட்டார்கள். ஸ்டேஷனில் நம்பவில்லையாம். ரோந்து வந்ததற்கு அத்தாட்சியாகக் கேட்டில் ஒட்டியிருக்கும் க்யூஆர் ஸ்டிக்கரைப் போலீஸ் அதே நேரத்தில் ஸ்கேன் செய்ததாகப் பதிவு இருக்கிறதாம். அன்று யாரும் ரோந்து வரவில்லை என்று அவர் எழுதிய மனுவில் தெருச் சங்கச் செயலாளரான நான் கையெழுத்துப் போட வேண்டும். மோர் கொடுத்தேன். பெருங்காய வாசனைக்கு அவருக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. எனக்கு வந்தது.

அப்போது அவர் எருமப்பட்டிப் பக்கம் எங்கள் ஊர்ப் புறக்காவல் நிலையத்தில் வெறும் போலீஸ்காரர்; ஊருக்கு அப்போதே ஏட்டையா. நாலு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றை ஆள், ஒரு சைக்கிள், ஏழெட்டு ஊர். ஊர்க் கடைசியில் இருந்த எங்கள் வீட்டு ஆணியில் ரோந்து நோட்டு தொங்கும். தினமும் மதியம் வந்து அதில் கையெழுத்துப் போட வேண்டும். அம்மாவுக்கு இரக்கம் தாங்காது. "ஒத்த ஆளு எத்தன ஊருக்குத்தான் மிதிப்பீங்க சாமி? வாரத்துக்கும் சேத்துப் போட்டுட்டுப் போங்க" என்று மோரையும் நோட்டையும் ஒன்றாக நீட்டுவாள். செவ்வாய்ப்பேட்டை ஜவுளிக்கடையில் வேலை பார்த்த நான் ஞாயிறுதோறும் ஊருக்கு வருவேன். என் பச்சை மைப் பேனாவை வாங்கி வரப்போகிற ஏழு நாளுக்கும் போடுவார். பச்சை மை என்றால் பெரிய அதிகாரி ஆகிவிட்ட மிதப்பு அவருக்கு.

ஒரு புதன்கிழமை மதியம், வாசலில் மிளகாய் காயப்போட்ட அம்மாவின் தாலிக்கொடியை எவனோ அறுத்துக்கொண்டு ஓடினான். ஞாயிறன்று ஏட்டையா நோட்டைப் புரட்டினார்.

"பொதங்கெழமக் கையெழுத்து இருக்குதுங்களே. நான் இங்கதானுங்க இருந்தேன். ஊட்டுலயே விசாரிச்சுப் பாருங்க."

அப்பா திரும்பி அம்மாவைப் பார்த்தார். "உந்தம்பிக்குக் கழட்டிக் குடுத்துட்டயா?"

"நாந்தானுங்க சேத்துப் போடச் சொன்னேன்" என்று அழுதாள் அம்மா. பிறகு என்னிடம், "நீயாச்சும் சொல்லு கண்ணு."

கடையில் நூறு பேரிடம் வாயடிக்கிற நான், காக்கிச் சட்டைக்கு முன்னால் வாயில் கொழுக்கட்டையோடு நின்றேன். மாமா அதற்குப்பின் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அம்மா கழுத்தில் கடைசிவரை மஞ்சள் கயிறுதான்.

மோரைக் குடித்துவிட்டு ஏட்டையா சொன்னார்: "ஸ்டேஷன்ல பாதி ஆளே இல்லீங்க தம்பி. ஸ்டிக்கரப் போட்டோ புடிச்சு வெச்சுக்கிட்டு, டீக்கடைல இருந்தே ஸ்கேன் பண்றானுங்க. சத்தியமா யாரும் வரலீங்க."

"வந்ததாப் பதிவு இருக்குதுங்களே" என்றேன். "ஊட்டுலயே விசாரிச்சுப் பாருங்க."

உங்களிடம் மறைப்பானேன், இத்தனை வருடம் கழித்து வயிறு குளிர்ந்தது. அவர் மெல்லத் திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் கழுத்தைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

புறக்காவல் நிலையத்தை இடித்துவிட்டார்கள். ஆணியும் நோட்டும் போயின, மாமாவும் போய்ச் சேர்ந்தார். மனுவில் நான் கையெழுத்துப் போடவில்லை. நீயாச்சும் சொல்லு என்று கேட்க இப்போது அம்மா இல்லை.