மேல்மாடிக்குப் பதிலாக ஒரு பட்டம்

சாக்கு ஸஹீத் என்றால் கல்முனைச் சந்தையில் தெரியாதவர் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொல்லிவிட்டு, சைக்கிள் கரியரில் பழைய சாக்குகளைக் கட்டிக்கொண்டு, அறுவடை நேரம் மாவடிப்பள்ளி, வீரமுனை வயல்களில் விற்றுத் தலையெடுத்த மனிதர். இன்றைக்குக் கடையும் லொறியும் உண்டு. அதில் ஒரு செங்கல் கூட அடுத்தவன் தயவில் வந்ததில்லை. ஒரு சாக்கை உதறி வெயிலுக்குப் பிடித்தாரென்றால், அது இன்னும் எத்தனை போகம் தாங்கும் என்று அந்த இடத்திலேயே விலை சொல்லிவிடுவார். படித்தவர்களுக்கு அது வராது.

அப்பேர்ப்பட்டவர் ஒன்றுக்கு மட்டும் விலை போடத் தெரியாமல் மாட்டிக்கொண்டார். மகள் றுஸ்தாவின் படிப்புக்கு.

இந்தப் பக்கத்தில் மகளைக் கட்டிக்கொடுப்பதென்றால் வீடும் கட்டிக்கொடுக்க வேண்டும். மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிவருவார். ஒரு காலத்தில் ஓட்டு வீடு போதும் என்றார்கள். இப்போது மேல்மாடி இல்லாவிட்டால் முற்றத்தில் கால் வைக்கிறார்களில்லை. ஸஹீதும் விடவில்லை. கீழ்வீட்டைக் கட்டி, கொங்கிறீற் தட்டுப் போட்டு, மேல்தூண்களுக்குக் கம்பி நீட்டி, வெளியால் படிக்கட்டும் வைத்தார். அந்த நேரம் பார்த்து றுஸ்தா பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானாள். உடனே வேலையை நிறுத்தினார்.

"கம்பிய அப்படியே விடு" என்றார் மேசனிடம். "மேல்மாடியை என்ட மகள் கம்பஸ்ல இருந்து கொண்டு வருவாள்."

பட்டம், அரசாங்க உத்தியோகம், சம்பளம், பென்சன். இவ்வளவும் வருகிற பிள்ளைக்கு மேல்மாடி கேட்க எவனுக்கு வாய் வரும்? இதையே கடையிலும் பள்ளிவாசல் விறாந்தையிலும் கல்யாண வீடுகளிலும் சொல்லித் திரிந்தார். அந்த உசாரில் வீட்டு உறுதிப் பத்திரத்தையும் முன்கூட்டியே மகளின் பெயரில் எழுதிவிட்டார். பட்டமளிப்பு விழா முடிந்து வெளியே வந்ததும் சான்றிதழை வாங்கி, பழக்கதோசத்தில் வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார்.

"வாப்பா, சாக்கா அது?" என்று சிரித்தாள் றுஸ்தா.

"ஓட்டை இரிக்கா எண்டு பாத்தன், மகள்."

ஓட்டை இருந்தது. புவியியல் படித்த பிள்ளைக்கு நியமனம் வரவில்லை. நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டார்கள், பிறகு ஒத்திவைத்தார்கள், மறுபடியும் கூப்பிட்டார்கள். மேலே கம்பிகள் துருப்பிடித்தன. மாரிக்கு அந்தத் துரு வெள்ளைச் சுவரில் சிவப்பாய் வடிந்தது. வீதியால் போகிறவர்கள், "ஸஹீத் காக்கா, மேல்மாடி இன்னும் கம்பஸ்லயா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஒருநாள் தரகர் பர்ஸான் ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். மாப்பிள்ளை கந்தோர் ஒன்றில் கிளார்க். மாப்பிள்ளையின் மாமா தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, பெண்ணைப் பற்றி ஒரு சொல் கேட்காமல் நேரே படியேறினார். கம்பி ஒன்றைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"காக்கா, மேல்வேலை எப்ப முடியும்?"

"அது முடிஞ்சி. மகள்ட பட்டம்தான் மேல்மாடி."

"என்ன பாடம்?"

"புவியியல்."

"ஆ... மலை, ஆறு, மழை." அவர் வாய்க்குள்ளேயே சிரித்தார். "விஞ்ஞானம், இங்கிலீசு எண்டா நாங்க மேல்மாடிப் பேச்சே எடுக்கமாட்டம். சரி, மூணு அறை கேக்க நினைச்சம். பட்டத்துக்காக ஒண்டக் கழிப்பம். மத்த ரெண்டையும் கட்டித் தாங்களன்."

ஸஹீதுக்குக் காது சுட்டது. அத்தனை வருசப் படிப்பு, அதுவும் சிறப்புப் பட்டம், ஓர் அறை! கிழிந்த சாக்குக்குக்கூட இவ்வளவு கேவலமாக யாரும் அவரிடம் விலை கேட்டதில்லை. வந்தவர்களிடம் காட்ட முடியாத கோபத்தை அவர்கள் போனபிறகு வீட்டுக்குள் கொட்டினார்.

"வேற பாடம் எடுத்திருக்கலாம்தானே, புள்ள?"

"எடுக்கக்குள்ள உங்களுக்கிட்டக் கேட்டன், வாப்பா. எந்தப் பாடமெண்டாலும் பட்டம் பட்டம்தான் எண்டு நீங்கதான் சொன்னீங்க."

"அதுக்கு நீ மலையையும் ஆத்தையும் போய்ப் படிக்கிறதா? கல்முனையில எங்ககா மலை?"

குசினிக்குள் அவர் மனைவி நாச்சியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. முடிவெடுத்துவிட்டார். லொறியை விற்பது, இரண்டு அறையையும் எழுப்புவது. மேசனுக்குச் சொல்லியனுப்பினார். மேசன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் தேடிப் போனார்.

"உங்கட மகள்தான் வரவேணாமெண்டு சொன்னா" என்றான் அவன்.

ஸஹீத் வீட்டுக்கு வந்து குதித்தார்.

"வீடு யார்ர பேர்ல இரிக்கி, வாப்பா?" றுஸ்தா குரலை உயர்த்தவில்லை. "லொறிய வித்துப்போட்டு மறுகா நீங்க சைக்கிள்லயா சாக்கு விக்கப் போறீங்க? மேல நான் ஒண்டு செய்யப்போறன். எனக்குக் கொஞ்சம் தகரம் மட்டும் எடுத்துத் தாங்க."

அவர் கொடுக்கவில்லை. தகரத்தை நாச்சியா எடுத்துக்கொடுத்தாள். துருப்பிடித்த கம்பிகளோடு மரத்தூண்களை வைத்துக் கட்டி, மேலே தகரம் அடித்து, றுஸ்தா ஏ.எல். பரீட்சை எடுக்கிற பிள்ளைகளுக்குப் புவியியல் வகுப்பு ஆரம்பித்தாள். முதலில் ஏழெட்டுப் பிள்ளைகள். பிறகு உட்கார வாங்குப் பலகையில் இடமில்லாமல் போயிற்று. சாய்ந்தமருதிலிருந்தும் வந்தார்கள், வீரமுனையிலிருந்தும் வந்தார்கள்.

ஸஹீதுக்குச் சந்தோசமா என்றால், இல்லை. மதியம் லுஹர் தொழுதுவிட்டுச் சாய முடியவில்லை, தலைக்கு மேல் வாங்கு இழுபடுகிறது. படியெல்லாம் செருப்பு. ஊரில் புதுக்கதை வேறு: "ஸஹீத் காக்கா மேல்மாடி கட்டிட்டார், தகரத்தால." கொங்கிறீற்றில் எழும்ப வேண்டியது தகரத்தில் நிற்கிறதே என்று ஒவ்வொரு முறை அண்ணாந்து பார்க்கும்போதும் வயிறு எரிந்தது.

அப்போதுதான் பர்ஸான் திரும்பி வந்தார். முகமெல்லாம் பல்.

"காக்கா, அந்தக் கிளார்க் மாப்பிள்ளை வீட்டார் வகுப்பப் பத்திக் கேள்விப்பட்டிரிக்காங்க. அந்த ரெண்டு அறையையும் கழிச்சிட்டாங்களாம். ஒண்டும் வேணாமாம்!"

ஸஹீதுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அவர் சொன்ன விலைக்கே கடைசியில் வந்துவிட்டார்கள் பார்த்தீர்களா! இரண்டிரண்டு படியாக ஏறி, வகுப்பு நடக்கிறது என்றும் பாராமல் மகளைக் கூப்பிட்டுச் சொன்னார். றுஸ்தா சோக்குக் கையைத் துடைத்தாள்.

"நல்லம். அப்ப நான் அவரையும் கழிச்சிட்டன் எண்டு சொல்லுங்க, வாப்பா."

"அடியேய்! வந்த விலைய விடுறதா?"

"விலை கேட்டவங்களுக்குச் சாக்க விக்கலாம். நான் சாக்கு இல்ல, வாப்பா." திரும்பிப் பலகைக்குப் போய்விட்டாள்.

ஸஹீத் செருப்புகளைக் காலால் தள்ளித் தள்ளி இறங்கினார். பர்ஸான் வாசலில் பல் தெரிய நின்றுகொண்டிருந்தார்.

"என்ன காக்கா, பேசி முடிப்பமா?"

"உறுதி என்ட பேர்ல இல்ல, பர்ஸான்" என்றார் ஸஹீத், எரிச்சலோடு மேலே கையைக் காட்டி. "போய் அங்க கேளும். கேக்கப் போறதெண்டா செருப்பக் கீழ கழட்டிப்போட்டுப் போம். இல்லாட்டி ஏசுவா."