அத்தா பிடித்தால்தான் தீவு தெரியும்

வாழவந்தியில் எங்கள் மளிகைக் கடைக்குப் பின்னாலேயே வீடு. வாரம் ஒரு சாயங்காலம் அந்த வீட்டில் கால் வைக்க இடமிருக்காது. எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர்கள் குளித்துத் தலைசீவி, பிள்ளைகளோடு வந்து டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். கப்பல் உடைந்து, ஆளில்லாத தீவில் ஒதுங்கியவர்களைப் பற்றிய தொடர். பேச்செல்லாம் இந்தி. பாய் வீட்டில் இந்தி தெரியும் என்று நம்பி முதல் வாரம் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் திருதிருவென்று விழித்தேன். அதன்பின் படத்தைப் பார்த்து அவரவரே கதை கட்டிக்கொண்டார்கள். சத்தம் போனால் யாரும் கவலைப்படவில்லை. படம் போகக் கூடாது, அவ்வளவுதான்.

அந்தப் படம் அத்தாவின், அதாவது என் அப்பாவின், கையில் இருந்தது. சமையலறையின் தட்டைக் கூரைமேல் இரும்புக் குழாயில் ஆன்டெனா. காற்றடித்தால் திரும்பிக்கொள்ளும். அத்தா ஏணியில் ஏறிச் சரிசெய்வார். ஜன்னலோரம் உட்காரும் எஸ்டேட் அக்கா, "இன்னுங் கொஞ்சம் மேக்கால திருப்புங்க பாய்!" என்று குரல் கொடுப்பார். அத்தா குழாயைப் பிடித்திருக்கும்வரை படம் பளிச்சென்று இருக்கும். கையை எடுத்தால் திரை முழுக்கப் புள்ளிகள். நான் அப்போது சேலத்தில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ கடைசி வருஷம். ஆள் தொட்டால் சிக்னல் ஏன் மாறுகிறது என்று விளக்கிப் பார்த்தேன். "அப்பப் பாயே புடிச்சுக்கட்டும் கண்ணு" என்று அக்கா முடித்துவிட்டார். ஆக, டிவி வாங்கிய அத்தா அந்தத் தொடரை ஒரு வாரமும் பார்த்ததில்லை. சாப்பிடும்போது என்னிடம் கதை கேட்டுக்கொள்வார்.

அன்று தீவுக்கு வெளியே தூரத்தில் ஒரு கப்பல் தெரிந்தது. கரையில் நின்றவர்கள் தீ மூட்டப் பார்த்தார்கள். விறகு ஈரம், புகைந்ததே தவிரப் பிடிக்கவில்லை. வீட்டில் எல்லோரும் திரைக்கு இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

எனக்கு மட்டும் வேறு சத்தம் கேட்டது. மலை உச்சியிலிருக்கும் சேர்வராயன் கோயில் பக்கமிருந்து இடி. மின்னலுக்கும் இடிக்கும் இருந்த இடைவெளி ஒவ்வொரு தடவையும் குறைந்துகொண்டே வந்தது. அத்தா தூறலில் நனைந்த கூரையில், அந்தப் பக்கத்திலேயே உயரமான இரும்பைக் கட்டிப்பிடித்தபடி நின்றார்.

முற்றத்துக்கு ஓடிக் கத்தினேன். காற்று என் குரலை வேறு பக்கம் கொண்டுபோனது. "படம் வந்துருச்சாம்மா?" என்று மட்டும் மேலிருந்து கேட்டார். உள்ளேயிருந்து பதில் வரவில்லை. பதில் வராவிட்டால் கையை எடுக்கக் கூடாது என்பது அத்தாவுக்கும் உள்ளே இருப்பவர்களுக்கும் பழகிப்போன ஏற்பாடு.

உள்ளே வந்தேன். "அக்கா, அத்தாவ எறங்கச் சொல்லுங்க. இடி கிட்ட வருது."

"செத்த இரு கண்ணு, கப்பலு கிட்ட வருது."

"பாய் எறங்குனா கப்பலும் எறங்கிப் போயிருமுங்க" என்றார் பின்னாலிருந்த ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குப் பதற்றம் வந்தால் மனதுக்குள் வரிசை போடுவேன். ஒன்று, டிவியை அணைப்பது: படம் போச்சு என்று கத்துவார்கள், அத்தா இன்னும் மும்முரமாகத் திருப்புவார். இரண்டு, நானே ஏறுவது: இரும்புக்குப் பக்கத்தில் இரண்டு பேர். மூன்று, கெஞ்சுவது: கெஞ்சியாயிற்று. படம் இருந்தாலும் இறங்க மாட்டார், போனாலும் இறங்க மாட்டார். எதற்கு இறங்குவார்?

கடைக்குள் ஓடி, மெயின் பலகையிலிருந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினேன்.

வீடே இருண்டது. தீவு, கப்பல், புகை எல்லாம் போய், அத்தனை பேரும் ஒரே குரலில் "ஓ…" என்றார்கள். நான் கத்தியது கேட்காத கூரைக்கு அது கேட்டது. "கரண்டு போச்சுங்க பாய்!" என்று அக்கா வழக்கம்போலக் கூவினார். அது கேட்டால்தான் அத்தா இறங்குவார்.

ஃபியூஸ் கட்டையோடேயே முற்றத்துக்கு ஓடி, ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். முதலில் அத்தாவின் ஈரப் பாதங்கள் தெரிந்தன. அவர் கடைசிப் படியில் இருந்தபோது மின்னலும் இடியும் ஒன்றாக விழுந்தன. தெரு விளக்கு அணைந்தது. எங்கள் காதுகள் அடைத்துக்கொண்டன.

அக்கா வாசலில் நின்றிருந்தார். "தெரு லைட்டு இப்பத்தானே போச்சு? அப்ப உங்க ஊட்டுல மட்டும்..." அடுத்த மின்னலில் என் கையிலிருந்த கட்டையைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். வாய்வரை வந்த கேள்வியை விழுங்கிவிட்டு உள்ளே திரும்பி, "எந்திரிங்க எல்லாரும், இன்னிக்கு அவ்வளவுதான்" என்று அதட்டினார்.

அத்தா முகத்தைத் துடைத்துக்கொண்டே, "கப்பல்காரன் அவங்களப் பாத்தானா, இல்லையா?" என்று கேட்டார்.

அக்காதான் சொன்னார்: "பாத்துட்டானுங்க பாய். நொம்பப் பக்கத்துல வந்துட்டான்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் அத்தா, தன் வீட்டு ஆட்களே பிழைத்துவிட்டது போல.

எல்லோரும் கிளம்பிப் போனார்கள். நான் இன்னும் ஏணியை விடவில்லை.