செபநாயகம் பார்க்கக் கூடாத பந்தடி

ஒன்றுக்குப் பூச்சியம். ஞாயிற்றுக்கிழமை அரையிறுதியில் எங்கள் நீலத்திரை விளையாட்டுக் கழகம் சொந்த மைதானத்தில் வென்ற கணக்கு இதுதான். அரியாலைப் பக்கத்திலிருந்து வந்த எதிரணி எங்கள் கோல் கம்பத்தை மூன்று தடவை அடித்து ஆட்டியது. நான்காவது தடவை பந்து எங்கள் கோல் காப்பாளரின் முகத்தில் பட்டுத் திரும்பியது. அந்த நேரம் அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார் என்பது பிறகு புகைப்படத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது. எழுபத்தோராவது நிமிடத்தில் கொலின்ஸ் தலையால் தட்டிய பந்து ஒன்று உள்ளே போனது. மிச்ச நேரம் முழுவதும் எங்கள் பெடியள் பந்தை மைதானத்துக்கு வெளியே அடிப்பதிலேயே குறியாக இருந்தார்கள். இதற்குத்தான் திங்கட்கிழமை காலை குருநகர் கரை "அபார வெற்றி" என்று பெயர் வைத்தது.

நான் கழகத்தின் செயலாளர். பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிறேன். அதனால் கரையில் எல்லோருக்கும் நான் மாஸ்ரர். எங்கள் ஊரில் ஒரு போட்டி விசிலோடு முடிவதில்லை. அடுத்த நாள் காலை கரையிலுள்ள மீன்வாடியில் வலையைக் குவித்து நண்டு கழற்றும்போதுதான் உண்மையான போட்டி நடக்கும். யாரால் வென்றோம் என்பது அங்கேதான் தீர்மானமாகும். விளையாடிய பதினொரு பேரில் ஒருவரின் பெயராவது அந்தப் பட்டியலில் வந்ததை நான் இன்றுவரை கண்டதில்லை.

ஓட்டோ ஓடும் றோய் தன் உடுப்பால் வென்றோம் என்றான்.

"காலிறுதிக்குப் போட்ட பெனியன் அண்ணை. தோய்க்கத் தரச்சொல்லி அம்மா மூண்டு நாளாக் கேட்டவ. குடுக்கேல்லை."

அது அவன் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை. பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது.

மீன் விற்கும் மேர்சியக்கா, அந்தோனியாருக்கு ஏழு மெழுகுதிரி கொளுத்தியதைச் சொன்னார். கழகத் தலைவர் லெனாட் அண்ணை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இரண்டாம் பாதி முழுவதும் தான் சலம் போக எழும்பாமல் அடக்கிக்கொண்டிருந்ததை அறிவித்தார். கழகத்துக்காக இவ்வளவு வலி தாங்கிய தலைவர் எங்களுக்கு முன்னர் வாய்த்ததில்லை.

ஆனாலும் ஒரு விடயத்தில் எல்லோரும் ஒத்துப்போனார்கள்.

"செபநாயகம் வரேல்லை. அதுதான் முக்கியம்," என்றார் லெனாட் அண்ணை.

அந்தச் செபநாயகம் அந்த நேரம் ஐந்தடி தள்ளி இருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தி, பாராட்டியதற்கு நன்றி சொல்வதுபோலச் சிரித்தார். அவர் அப்படித்தான் சிரிப்பார்.

செபநாயகத்துக்கு ஐம்பத்தாறு வயது. கரையோரத்து ஆழமில்லாத களப்புக் கடலில் நண்டு வலை போடுகிறவர். அதிகம் கதைக்கமாட்டார். ஊரில் ஒருவரோடும் சண்டை சச்சரவு இல்லை. கழகத்தின் கோல் வலைகளை நாங்கள் கடையில் வாங்குவதில்லை. அவர்தான் தடித்த நைலோன் நூலில் பின்னித் தருகிறார். போட்டி நாளில் விடியவே வந்து, துளை போட்ட பால்மாப் பேணியில் சுண்ணாம்பை நிரப்பித் தட்டித் தட்டிக் கோடு போடுவார். கொடி நடுவார், வலை கட்டுவார், கல் பொறுக்குவார். எல்லாம் முடிந்து சனம் வரத் தொடங்கும்போது அவர் கையில் குடிக்க ஒரு பிளேன்ரீயும் தின்ன ஒரு பணிசும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். ஆறு வருடமாக இதுதான் நடைமுறை.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். ஆறு வருடத்துக்கு முன் ஒரு போட்டியில் அவர் வந்து குந்திய அதே கணத்தில் எங்கள் பெனால்ரி ஒன்று வெளியே போனது. அடுத்த போட்டியில், முடிய இரண்டு நிமிடம் இருக்க, "இனிப் பயமில்லை" என்று வாய்விட்டுச் சொன்னார். அந்த இரண்டு நிமிடத்தில் இரண்டு கோல் வாங்கினோம். மூன்றாவது போட்டிக்கு அவர் வந்தபோதே சனம் தலையில் கை வைத்துவிட்டது. அதிலும் தோற்றோம். பிறகென்ன, "செபநாயகம் கண் பட்டால் கழகம் உருப்படாது" என்று முடிவாயிற்று. அதைத் தீர்மானமாகக் கூட்டப் புத்தகத்தில் அழகான கையெழுத்தில் எழுதியவன் நான். அவர் வராமலே நாங்கள் தோற்ற போட்டிகள் பதினேழு. அதை ஒருவரும் எண்ணவில்லை. எண்ணத் தெரிந்த ஒரே ஆளான நானும் வாயைத் திறக்கவில்லை.

இதில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. கோல் அடித்த கொலின்ஸ் அவருடைய மகன்.

கொலின்ஸ் பெரியவர்களோடு விளையாடத் தொடங்கி ஐந்து வருடம். தகப்பன் ஒருநாளும் மைதானத்துக்கு வந்து பார்த்ததில்லை. மகன் எந்தக் காலால் பலமாக அடிப்பான் என்பதை வீட்டு வாசலில் கழற்றிப்போட்ட சப்பாத்தில் எது கூடத் தேய்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் அறிந்தவர். இப்போது கொலின்சுக்குக் கட்டாரில் வேலை சரிவந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பயணம். புதன்கிழமை இறுதிப் போட்டி, அதுவும் எங்கள் மைதானத்தில். அதன்பிறகு அவன் எப்போது வருவான், வந்தாலும் விளையாடுவானா என்று யார் கண்டது. செபநாயகத்துக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கடைசிப் போட்டியைச் சனத்தோடு சனமாக இருந்து பார்க்கவேண்டும். அதை அவர் யாரிடமும் கேட்கவில்லை. அவருடைய மனைவி ஸ்ரெல்லா என்னிடம் எங்கள் இரண்டு வீட்டுக்கும் இடையிலுள்ள மதிலுக்கு மேலால் சொன்னார். சொல்லிவிட்டு, "உங்கடை கழகமும் நீங்களும்" என்று முடித்தார்.

திங்கட்கிழமை பின்னேரம் கழகக் கட்டடத்தில் பாராட்டுக் கூட்டம். கோல் அடித்தவனுக்கு மாலை. காப்பாளரின் வீங்கிய மூக்குக்கு ஒரு மாலை. அதற்கு மேல் லெனாட் அண்ணைக்கு ஒரு யோசனை வந்தது. போட்டிக்கு வராமல் இருந்ததற்காகச் செபநாயகத்துக்குப் பொன்னாடை போர்த்துவது. உலகத்தில் எந்தக் கழகமும் செய்யாத மரியாதை இது என்றார். அது உண்மைதான்.

"தன்ரை சொந்தப் பிள்ளை விளையாடேக்கையும், கழகத்தின்ரை நன்மைக்காக வராமல் இருந்த பெரிய மனிசன்," என்று ஒலிவாங்கியில் முழங்கிப் போர்த்தினார்.

"கண்டறியாத பொன்னாடை," என்றார் முன்வரிசையில் இருந்த ஸ்ரெல்லா. ஒலிவாங்கி இல்லாமலே அது எல்லோருக்கும் கேட்டது.

இரண்டு வார்த்தை பேசும்படி செபநாயகத்திடம் ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள். அவர் அதை வாய்க்குக் கிட்டப் பிடித்தார்.

"நான் நேற்றுப் பாத்தனான்," என்றார்.

சனத்துக்கு விளங்கவில்லை.

"வீட்டை போகேல்லை. மைதானத்தடிக் கரையிலை இழுத்து விட்டிருக்கிற என்ரை வள்ளத்துக்குள்ளை, தறப்பாளுக்குக் கீழை படுத்திருந்து பாத்தனான். தொடக்கத்திலை இருந்து கடைசி விசில் மட்டும். தம்பி எழும்பி அடிச்சதையும் பாத்தனான். ரெண்டு பேருக்கு நடுவிலை எழும்பினவன்." ஒலிவாங்கியை மற்றக் கைக்கு மாற்றினார். "நான் பாத்தும் வெண்டதுதானே. அப்ப புதன்கிழமை நானும் வந்து எல்லாரோடையும் இருந்து பாக்கட்டோ?"

ஒரு கூற்றைப் பொய் என்று காட்ட ஒரேயொரு எதிர் உதாரணம் போதும். இதை நான் வருடாவருடம் பத்தாம் ஆண்டுக்குப் படிப்பிக்கிறேன். இதோ உதாரணம் பொன்னாடையோடு மேடையில் நிற்கிறது. சனத்துக்கும் விளங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"அதுதானே பாத்தன்," என்றார் லெனாட் அண்ணை. "நாலு அடிக்கவேண்டிய ஆட்டம் என்னண்டு ஒண்டோடை நிண்டதெண்டு ராத்திரி முழுக்க யோசிச்சனான்."

"கம்பத்திலை மூண்டு தரம் பட்டது, பாத்தியளோ அண்ணை," என்றான் றோய்.

"காப்பாளற்றை மூக்கும்," என்றார் மேர்சியக்கா.

ஐந்து நிமிடத்தில் முழு விளக்கமும் தயாராகிவிட்டது. அபார வெற்றி என்று காலையில் சொன்னவர்கள் மாலையில் அது மயிரிழையில் தப்பிய வெற்றி என்றார்கள். தறப்பாள் இடையில் இருந்தபடியால்தான் தப்பினோமாம். வெறுங்கண்ணால் பார்த்திருந்தால் ஊர் நாறியிருக்குமாம். புதன்கிழமை அவரை வீட்டில் விடுவதும் ஆபத்து, மூன்று மணிக்கே கடலுக்கு அனுப்பிவிட வேண்டும், வள்ளத்துக்கு எண்ணெய் கழகம் கொடுக்கும் என்று தீர்மானம் வந்தது.

"நான் உவனைப் பெறேக்கையும் இந்த மனிசன் ஆசுபத்திரி வாசலிலைதான் நிண்டவர்," என்று ஸ்ரெல்லா எழும்பினார். "பிள்ளை முழுசாத்தானே பிறந்தவன். உங்களுக்கு என்ன கோதாரி பிடிச்சிருக்கு?"

நல்ல கேள்வி. வாக்கெடுப்புக்குப் போனார்கள். ஸ்ரெல்லாவையும் கொலின்சையும் மேடையில் நின்ற செபநாயகத்தையும் தவிர மண்டபத்தில் இருந்த எல்லாக் கையும் மேலே போனது. எழுதுகிற கை வேலையாக இருந்தபடியால் நான் இடது கையைத் தூக்கினேன்.

எல்லோரும் கொலின்சைப் பார்த்தார்கள். அவன் எழுந்து தகப்பனிடம் வந்தான். தோளிலிருந்து சரிந்த பொன்னாடையைச் சரிசெய்துவிட்டான். அவன் ஏதோ ரோசமாகச் சொல்லப்போகிறான் என்று நினைத்தேன்.

"அப்பா, இது ஒண்டுதானே," என்றான் மெதுவாக. "ஒருநாள் மட்டும் தொழிலுக்குப் போங்கோவன். கப்பைக் கொண்டுவந்து உங்கடை கையிலை தாறன்."

செபநாயகம் மகனின் முகத்தைப் பார்த்தார்.

"ஓம் தம்பி," என்றார்.

புதன்கிழமை விடியவே வந்து கோடு போட்டார். வலையை இறுக்கிக் கட்டி, நாலு பக்கமும் இழுத்துப் பார்த்தார். மூன்று மணிக்கு, ஊரில் வேறு ஒரு வள்ளமும் கடலில் இல்லாத நேரத்தில், தன் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனார். கரையில் நின்ற சனம் கை தட்டி வழியனுப்பியது. பணிசும் பிளேன்ரீயும் அன்றைக்குக் கொடுத்தோமா என்பது எனக்கு ஞாபகம் இல்லை.

போட்டியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூன்றுக்குப் பூச்சியம். பூச்சியம் நாங்கள். எங்களுக்குக் கிடைத்த ஒரே பெனால்ரியைக் கொலின்ஸ் அடித்தான். பந்து கம்பத்துக்கு மேலால் போய்க் களப்புத் தண்ணீரில் விழுந்தது.

வியாழக்கிழமை காலை வாடியில் ஒருவரும் பெனியனைப் பற்றிப் பேசவில்லை. ஏழு மெழுகுதிரியும் வீண். லெனாட் அண்ணை அடக்கிய சலமும் வீண். ஆறு வருடத்தில் முதல் தடவையாக எனக்குக் கொஞ்சம் ரோசம் வந்தது.

"மூண்டு கோல் வாங்கினம். செபநாயகம் அண்ணை நடுக்கடலிலை. இப்ப என்ன சொல்லுறியள்?" என்று கேட்டேன்.

லெனாட் அண்ணை நண்டு ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். றோய் நிலத்தைப் பார்த்தான். அந்தக் கணத்தை இரசிக்க எனக்கு அரை நிமிடம்தான் கிடைத்தது.

"இல்லை மாஸ்ரர்," என்றார் செபநாயகம். வலையிலிருந்து கையை எடுக்கவில்லை. "பிழை என்னிலைதான். பெனால்ரி நேரம் 'கொலின்ஸ், கொலின்ஸ்' எண்டு சனம் கத்தினது கடலுக்குக் கேட்டது. மனம் கேக்கேல்லை. ஒருக்கா எழும்பி நிண்டு இஞ்சாலை பாத்துப்போட்டன்."

"அவ்வளவு தூரத்திலை என்ன தெரிஞ்சது?" என்றேன்.

"ஒண்டும் தெரியேல்லை. சனம் கறுப்பாத் தெரிஞ்சது. ஆனாலும் பாத்தனான்தானே."

"அதைச் சொல்லு," என்றார் லெனாட் அண்ணை. அவருக்கு மூச்சு வந்துவிட்டது. கையில் இருந்த நண்டை நிம்மதியாகக் கூடைக்குள் போட்டார். நான் செபநாயகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் ஆறு வருடமாகச் சொல்லிச் சொல்லி அந்த மனிதன் நம்பிவிட்டார். எங்களைவிடத் திடமாக நம்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை கட்டுநாயக்கா விமான நிலையம் போக வாடகை வான் வந்தது. கொலின்சின் பெட்டிகளைச் செபநாயகம்தான் தூக்கி ஏற்றினார். அவருக்கென்று ஓர் இருக்கை விட்டிருந்தார்கள். அவர் ஏறவில்லை. தாயும் சொந்தக்காரரும் போகட்டும், தனக்கு வலை வேலை கிடக்கிறது என்றார். கொலின்ஸ் கட்டிப்பிடித்தபோது அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

வான் வெளிக்கிட்டது. கொலின்ஸ் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே போட்டுக் கையசைத்தான். நான் திரும்பினேன். செபநாயகம் எங்கள் மதிலடியில், வீதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"இஞ்சருங்கோ," என்று வானுக்குள் இருந்து ஸ்ரெல்லா கூப்பிட்டார். "பிள்ளை கை காட்டுறான். ஒருக்காப் பாருங்கோவன்."

"அண்ணை, திரும்புங்கோ," என்றேன் நானும்.

"வேண்டாம் மாஸ்ரர்," என்றார். "பிளேனிலை போற பிள்ளை."

வான் ஒழுங்கை முடக்கில் திரும்பி மறையும்வரை அவர் மதிலைப் பார்த்தபடியே நின்றார்.